நாய்க்குப் போட்டேன், எனக்குப் போடவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வார இதழில் இலையுதிர்காலப் படங்களை இரண்டு பக்கம் நிறையப் போட்டிருந்தீர்கள். ஒன்ராறியோவின் அல்கொங்குவின் பூங்காவுக்குள்ளால் போகும் 60ஆம் இலக்க நெடுஞ்சாலையில் காரை ஓரமாக விட்டுவிட்டு, சிவந்து நிற்கும் மேப்பிள் மரங்களுக்கு முன்னால் எங்கள் சனம் நின்று எடுத்த படங்கள். வடிவாக இருந்தன. அதே இதழின் கடிதப் பகுதியில் ஒரு வாசகர், செப்டெம்பர் முடிந்த பிறகு ஏரிப் பக்கமே போகாதீர்கள், வள்ளம் விடுவதெல்லாம் வெள்ளைக்காரரின் பொழுதுபோக்கு, எங்களுக்குச் சரிவராது என்று எழுதியிருந்தார். அவர் அக்கறையோடுதான் எழுதியிருக்கிறார். தண்ணீரில் பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டு வாசலில் போய் நின்றவர்கள் எங்களில் பலர் இருக்கிறோம், நானும் நின்றிருக்கிறேன். ஆனாலும் போகாதீர்கள் என்ற அந்த ஒரு சொல்லை என்னால் ஏற்க முடியவில்லை, ஏனென்றால் அந்தக் கடிதத்தை வாசித்தபோது என்னுடைய வள்ளம் இன்னும் ஈரம் காயாமல் கராஜில் கவிழ்ந்து கிடந்தது. இந்த ஒக்ரோபர் முதல் வாரம் இரண்டு பகலும் ஓர் இரவும் அல்கொங்குவினுக்குள் போய்விட்டு வந்தேன். வேறு ஆட்கள் இல்லை, நானும் எங்கள் நாய் ரைகரும் மட்டும்தான்.

நான் யாழ்ப்பாணத்துக் கரையோர ஊரான மயிலிட்டியில் பிறந்தவன். அப்பா கடலுக்குப் போனவர். ஒக்ரோபர், நவம்பர் என்றால் எங்கள் ஊரில் சோளகக் காற்று அடங்கி வாடைக் காற்று பிடிக்கும் காலம், கடல் கொந்தளிக்கத் தொடங்கும், வள்ளங்களை மேலே இழுத்துப் போட்டுவிட்டு ஆண்கள் எல்லாரும் வலை பொத்திக்கொண்டிருப்பார்கள். ஆண்டின் இந்தப் பகுதியில் தண்ணீரில் இறங்குவதில்லை என்பது ஒருவகையில் எங்கள் இரத்தத்திலேயே இருக்கிறது, அந்த வாசகரின் பயம் எனக்குப் புதிதில்லை. 1990இல் இடம்பெயர்ந்தோம். மயிலிட்டித் துறைமுகம் 2017இல்தான் திரும்ப மக்களிடம் வந்தது, அதற்குள் அப்பா இந்த நாட்டில் கண்ணை மூடிவிட்டார். இடையில் அத்தனை ஆண்டுகள் எங்கள் குடும்பத்தில் ஒருவரும் துடுப்புப் பிடிக்கவில்லை. ஒன்ராறியோவில் கண் பார்க்கும் இடமெல்லாம் ஏரி, ஆனால் நாங்கள் அதன் கரையில் இறைச்சி வாட்டிவிட்டு வீட்டுக்குப் போகிற சனமாகிவிட்டோம். இது எனக்கு உண்மையில் கவலையான விசயம்.

சரி, சொல்ல வந்ததற்கு வருகிறேன்.

ஆறு ஆண்டுகளுக்கு முன் பழைய கனூ ஒன்றை, துடுப்புப் போட்டு ஓட்டும் ஒடுக்கமான வள்ளத்தை, வாங்கினேன். பதினாறு அடி, இரண்டு பேருக்கானது. மனைவிக்கு இடுப்பு வருத்தம், மகளுக்குப் பல்கலைக்கழகம், ஆகவே கூட வர ஆள் இல்லை. விலங்குக் காப்பகத்திலிருந்து எடுத்துவந்த ரைகர்தான் மிச்சம். கறுப்பு நாய், லப்ரடோரும் வேறு ஏதோவும் கலந்தது, 29 கிலோ. மகள் அவனுக்கு ஒரு மஞ்சள் லைஃப் ஜக்கெற் வாங்கிக்கொண்டு வந்தாள், முதுகில் தூக்கிப் பிடிக்கக் கைப்பிடி வைத்தது. அதைப் போட்டுவிட்டுக்கொண்டே, "அப்பா, இவனுக்கு வாங்கியாச்சு, நீங்கள் போடுவீங்களோ?" என்று கேட்டாள். எனக்கும் ஒன்று இருந்தது. கனடாவின் விதிப்படி வள்ளத்தில் ஏறும் ஒவ்வொருவருக்கும் அளவான, அங்கீகரிக்கப்பட்ட லைஃப் ஜக்கெற் ஒன்று வள்ளத்துக்குள் இருக்க வேண்டும். பெரியவர்கள் அதைப் போட்டிருக்க வேண்டும் என்று அந்த விதி சொல்லவில்லை. ஆகவே நான் அதைச் சீற்றுக்குக் கீழே செருகி வைத்திருந்தேன். அப்பா ஒருநாளும் போட்டதில்லை, நான் நீந்தத் தெரிந்தவன், எனக்கு எதற்கு என்ற எண்ணம்.

நான்கு ஆண்டுகளுக்கு முன், ஒக்ரோபர் நடுப்பகுதி, பீற்றர்பரோவுக்கு வடக்கே ஒரு ஏரி. நல்ல வெயில், காற்றே இல்லை, கரையிலிருந்து இருபது மீற்றர்கூட இல்லை. ஐந்து சத நாணயத்தில் இருக்கிற பீவர், தட்டை வாலுள்ள அந்த நீர்விலங்கு, எங்களுக்குப் பக்கத்தில் வாலால் தண்ணீரில் ஓங்கி அடித்தது. ஆபத்து என்று தன் கூட்டத்துக்குச் சொல்ல அது அப்படித்தான் அடிக்கும், துவக்கு வெடித்தது போல ஒரு சத்தம் வரும். ரைகர் துள்ளி ஒரு பக்கம் பாய, நான் அவனைப் பிடிக்க அதே பக்கம் சரிய, அவ்வளவுதான்.

அந்தத் தண்ணீர் எப்படி இருந்தது என்று சொல்வதற்குத்தான் இந்தக் கடிதத்தையே எழுதுகிறேன். குளிர் என்ற சொல் அதற்குப் போதாது. விழுந்த அந்தக் கணமே வாய் தானாகத் திறந்து மூச்சு உள்ளே இழுக்கிறது, நான் இழுக்கவில்லை, உடம்பு இழுக்கிறது, அந்த நேரம் தலை தண்ணீருக்குள் இருந்தால் காற்றுக்குப் பதில் தண்ணீர்தான் உள்ளே போகும். பிறகு நாய் இரைப்பது போல நிறுத்த முடியாத மூச்சு. லைஃப் ஜக்கெற் என் கைக்கெட்டும் தூரத்தில் மிதந்துகொண்டிருந்தது, பிடித்தும் விட்டேன், ஆனால் கையை அதற்குள் நுழைக்க முடியவில்லை, கிளிப்பைப் பூட்ட விரல் கேட்கவில்லை. மயிலிட்டிக் கடலில் ஆறு வயதில் நீந்தப் பழகியவன் நான், எங்கள் கடல் இளஞ்சூடான கடல், அங்கே பழகிய நீச்சல் இங்கே இருபது மீற்றருக்கு உதவவில்லை. ரைகர் தன் மஞ்சள் ஜக்கெற்றில் தலையை நிமிர்த்திக்கொண்டு என்னைச் சுற்றி ஒருமுறை வந்தான். அவன் முதுகுக் கைப்பிடியை எட்டிப் பிடித்தேன். அவன் கரையைப் பார்த்து நீந்தினான், நான் காலை உதறிக்கொண்டே போனேன். கால் கல்லில் பட்டபோது நான் அழுதேன்.

வீட்டுக்கு வந்தபோது மனைவி, "உங்களுக்கென்ன விசரே?" என்று ஒரு முறை கேட்டா, பிறகு இரண்டு நாள் கதைக்கவேயில்லை. மகள் என்னைத் திட்டவில்லை. நாய்க்குப் போட்டுவிட்டீர்கள், உங்களுக்குப் போடவில்லை என்று மட்டும் சொன்னாள்.

அதன் பிறகுதான் தேடி வாசித்தேன். குளிர்நீரில் விழுந்தவர் உடம்பு விறைத்துத்தான் சாவார் என்று நான் நினைத்திருந்தேன், பெரும்பாலும் அப்படியில்லை. மனிற்றோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ற் இதற்கு 1-10-1 என்று ஒரு கணக்குச் சொல்கிறார்: மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர 1 நிமிடம், கையும் காலும் சொன்னபடி கேட்க 10 நிமிடம், உடம்பு குளிர்ந்து நினைவு தப்ப 1 மணிநேரம். அதாவது விறைத்து நினைவு தப்ப ஒரு மணிநேரம் இருக்கிறது, ஆனால் மிதந்துகொண்டிருந்தால்தான் அந்த மணிநேரம் கிடைக்கும். லைஃப் ஜக்கெற் போடாதவர் பெரும்பாலும் முதல் நிமிடத்திலோ அடுத்த பத்து நிமிடத்திலோ முடிந்துவிடுகிறார். தண்ணீர் 15 பாகைக்குக் கீழே போனாலே இந்தக் கணக்குத் தொடங்கிவிடும், ஒக்ரோபரில் எங்கள் வடக்கு ஏரிகள் பெரும்பாலும் அதற்குக் கீழேதான். வெளியே வெயில் 18, 20 என்று காய்ந்து ஆளை ஏமாற்றும்.

இதையெல்லாம் வாசித்தபின் நான் வள்ளத்தை விற்கவில்லை. பழகினேன். ரைகரையும் பழக்கினேன், முதலில் பின்வளவில் புல்லின் மேல் வள்ளத்தை வைத்து, ஏறு, இரு, கிட, இறங்கு என்ற நான்கு சொல்லையும் ஒரு மாதம். உள்ளே நகம் வழுக்கினால் நாய் பதறும், பதறினால் எழும்பும், எழும்பினால் வள்ளம் ஆடும், ஆகவே மகளின் பழைய யோகாப் பாயை வெட்டி அடியில் விரித்தேன். கழுத்து வாரை வள்ளத்தோடு கட்டவே கூடாது, கவிழ்ந்தால் அது அவனைக் கீழே இழுத்துப் பிடித்துவிடும். கரையில் கால் வைத்ததும் வார் என் கையில், பூங்கா விதி 2 மீற்றருக்கு மேல் விடாதே என்கிறது.

நாயை ஏன் கூலியில்லாத கூட்டாளி என்று நினைக்கிறேன் என்றும் சொல்ல வேண்டும், இதை வள்ளம் தெரிந்தவர்கள் இரசிப்பார்கள். இரண்டு பேருக்கான கனூவில் ஒருவர் மட்டும் போகும்போது பின் இருக்கையில் இருந்தால் அணியம், அதாவது வள்ளத்தின் முன்முனை, வானத்தைப் பார்க்கும். அதனால் முன் இருக்கையில் திரும்பி, பின்பக்கத்தைப் பார்த்து உட்கார்ந்து, பின்பக்கத்தையே அணியமாக்கி ஓட்டுவார்கள், முன் இருக்கை நடுவுக்குக் கொஞ்சம் கிட்ட இருப்பதால். அப்படி இருந்தும் எதிர்முனை தண்ணீரை விட்டு உயரும், உயர்ந்தால் காற்று அதைப் பாய்போலப் பிடித்து வள்ளத்தை இழுத்துக்கொண்டு போய்விடும். அங்கே பாரம் வேண்டும். பலர் தண்ணீர்ப் பை வைப்பார்கள், எனக்கு 29 கிலோ ரைகர். காற்று எதிரே வந்தால் அவனை ஒரு முழம் முன்னுக்குப் போகச் சொல்வேன், பின்னாலிருந்து வந்தால் கிட்ட கூப்பிடுவேன். எங்கள் வள்ளத்திலே அப்பா சொல்லச் சொல்லச் சின்னப் பெடியனாக நான் அணியத்துக்கும் நடுவுக்கும் நகர்ந்து உட்கார்ந்தது ஒவ்வொரு தடவையும் ஞாபகம் வரும்.

இந்த முறை போனது கனூ ஏரி என்றே பெயர் வைத்த ஏரி, 60ஆம் நெடுஞ்சாலையிலிருந்து இறங்குவது. வார இறுதியில் அந்தப் பாதையில் கார்கள் ஊரும், அதனால் திங்கட்கிழமை போனேன். விடிய நான்கு மணிக்கு ஸ்காபரோவிலிருந்து புறப்பட்டு ஏழரைக்குத் தண்ணீர்க் கரை. ஏரி முழுக்கப் பனிப்புகார் மூடியிருந்தது. இரவில் காற்று குளிர்ந்துவிடும், தண்ணீரில் கோடையின் சூடு கொஞ்சம் மிச்சம் இருக்கும், அந்த வித்தியாசத்தில் எழும்புகிற புகார். கரை தெரியும்வரை அரை மணிநேரம் காத்திருந்தேன். ரைகருக்குத்தான் பொறுமையில்லை, ஜக்கெற்றைப் போட்டதும் வள்ளத்தில் ஏறிப் படுத்துவிட்டான். இப்போது என்னுடையதைப் பூட்டிய பிறகுதான் அவனுடையதைப் பூட்டுவேன். விசில் ஜக்கெற்றிலேயே தொங்கும், 15 மீற்றர் மிதக்கும் கயிறும் தண்ணீர் இறைக்க ஒரு வாளியும் காலடியில். இவை மூன்றும் விதிப்படியும் வேண்டியவை.

புகார் விலக விலக இரண்டு கரையிலும் நிறம் வந்தது. சர்க்கரை மேப்பிள்களின் சிவப்பு உச்சம் தாண்டி உதிரத் தொடங்கியிருந்தது, பொப்ளர்கள் மஞ்சளாக நின்றன, ஊசியிலை மரங்கள் மட்டும் கரும்பச்சை. தார் ரோட்டில் நின்று பார்க்கும்போது அந்த நிறம் ஒரு சுவர். தண்ணீரில் இருந்து பார்க்கும்போது அது உங்களுக்கு மேலேயும் கீழேயும் இருக்கிறது, துடுப்புப் போடும்போது சிவப்பு உடைகிறது, எடுத்ததும் திரும்பச் சேர்கிறது. இதைப் படமெடுக்க முயன்றேன், வரவில்லை.

போகிற வழியில் ஒரு முனையில் ஏறி, ஓவியர் ரொம் ரொம்ஸனுக்கு 1917இல் நண்பர்கள் கட்டிய கல்தூபியைப் பார்த்தேன். இந்தக் காட்டையும் ஏரிகளையும் தன் ஓவியங்களால் கனடா முழுக்கத் தெரியவைத்தவர். 1917 யூலையில் இதே ஏரியில் தனியாகக் கனூவில் போனார், அன்றைக்கே வள்ளம் கவிழ்ந்து மிதக்கக் கண்டார்கள், எட்டு நாள் கழித்து உடல் கிடைத்தது. 39 வயது. எப்படி இறந்தார் என்று இன்றுவரை ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். நான் கதைக்குள் போகவில்லை, அவர் துடுப்புப் பிடிப்பதில் கைதேர்ந்தவர், நடந்தது யூலை மாதம், அந்த இரண்டையும் நினைத்துக்கொண்டு அங்கே கொஞ்ச நேரம் நின்றேன். ரைகர் பக்கத்தில் இருந்தான்.

ஏரியின் வடக்கு முனையில் ஓர் அணை. அதைச் சுற்றி ஜோ ஏரிக்கு வள்ளத்தைத் தலையில் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும், மஞ்சள் பலகையில் 295 மீற்றர் என்று போட்டிருக்கும். முதலில் நாயும் பையும், பிறகு திரும்பி வந்து வள்ளம். அறுபதை நெருங்கும் எனக்கு அது முடிகிறது என்றால் உங்கள் வீட்டு இளம் பிள்ளைகளுக்கு விளையாட்டு. அதற்கு அப்பால் ரீப்பி ஏரியில் முன்பதிவு செய்த இடத்தில் கூடாரம் போட்டேன். நுளம்பு இல்லை, கறுப்பு ஈ இல்லை, கோடையில் பிள்ளைகளின் முகாம்களால் நிறைந்திருக்கிற கரைகளில் ஆளே இல்லை. போத்தலும் தகரப் பேணியும் உள்ளே கொண்டுபோகத் தடை, ஆகவே சோற்றையும் பருப்பையும் பொட்டலமாகக் கட்டிக்கொண்டு போனேன், மாசிச் சம்பல் கொஞ்சம். கரடிக்கு எட்டாமல் மிச்சச் சாப்பாட்டை உயரக் கிளையில் கட்டித் தொங்கவிட்டேன். இரவு குளிர் பூச்சியத்துக்குக் கிட்ட வந்திருக்கும். ரைகரைக் கம்பளியால் சுற்றிப் பக்கத்தில் படுக்கவைத்தேன், அவனுடைய சூடு எனக்கு, என்னுடையது அவனுக்கு.

விடிய ஒரு லூன் குஞ்சு வந்தது, ஒரு டொலர் நாணயத்தில் இருக்கிற அதே பறவை. தாயும் தகப்பனும் முன்னரே தெற்கே போய்விடும், அந்த ஆண்டுக் குஞ்சுகள் பிந்தி, தாமாகவே வழி கண்டு போகும். சாம்பல் நிறத்தில், ஆளைக் கண்டு பயம் குறைந்து, வள்ளத்துக்கு மிகக் கிட்ட வந்து முங்கி முங்கி எழும்பியது. ரைகரின் உடம்பு முழுக்க நடுங்கியது. "கிட" என்றேன். கிடந்தான். நான்கு ஆண்டுகளுக்கு முன் பாய்ந்த அதே நாய், மூக்கை விளிம்பில் வைத்துக்கொண்டு அது போகும்வரை அசையாமல் பார்த்தான். அந்தப் பத்து நிமிடத்துக்காகவே நான் இன்னும் ஆயிரம் கிலோமீற்றர் கார் ஓட்டுவேன்.

திரும்பி வரும்போது தெற்கிலிருந்து காற்று பிடித்துவிட்டது. போகும்போது ஒரு மணிநேரம் எடுத்த கனூ ஏரி, வரும்போது இரண்டரை மணிநேரம். ரைகரை முன்னுக்கு அனுப்பிவிட்டு, முழங்காலில் நின்று, கரையை ஒட்டி, முனைகளுக்கும் தீவுகளுக்கும் பின்னால் ஒதுங்கி ஒதுங்கி வந்தேன். நடு ஏரியால் நேரே அறுத்தால் தூரம் குறைவு, ஆனால் அந்தக் குளிரில் நடு ஏரியில் விழுந்தால் கரைக்கு நீந்தும் நினைப்பே வேண்டாம். பயந்தேனா என்றால், கவனமாக இருந்தேன். அப்பா இருந்திருந்தால் அவரும் அப்படித்தான் கொண்டுவந்திருப்பார்.

ஆசிரியர் அவர்களே, உங்களிடம் கேட்பது இதுதான். ஒவ்வொரு யூன் மாதமும் நீச்சல் கவனம் என்று நல்ல கட்டுரைகள் போடுகிறீர்கள். அதே கட்டுரையை செப்டெம்பர் கடைசியில் ஒருமுறை போடுங்கள், கடற்கரைக் காவலர்கள் எல்லாம் வீட்டுக்குப் போய், தண்ணீர் உண்மையில் ஆளைக் கொல்லும் அளவுக்குக் குளிர்கிற நேரத்தில். 1-10-1ஐத் தமிழில் கொட்டை எழுத்தில் போடுங்கள். ஊர்ச் சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள், கோடைகால ஒன்றுகூடலில் கயிறிழுத்தலும் முட்டி உடைத்தலும் இருக்கட்டும், பக்கத்தில் ஒரு மேசையில் பிள்ளைகளின் அளவுக்கு லைஃப் ஜக்கெற் போட்டுப் பார்க்கவும் கிளிப் பூட்டிப் பழகவும் அரை மணிநேரம் ஒதுக்குங்கள். அப்பாமாருக்கும் சேர்த்து. எங்களில் போடாமல் விடுகிறவர்கள் பெரும்பாலும் நாங்கள்தான், கடல் தெரிந்தவர்கள் என்ற பெருமையோடு.

போகாதீர்கள் என்று எழுதிய அந்த வாசகருக்கு: அண்ணை, அல்லது அக்கா, ஏப்ரல் கடைசி, மே தொடக்கத்தில் பனிக்கட்டி உடைந்துவிடும், ஆனால் அப்போதும் தண்ணீர் இதே குளிர்தான், ஆகவே யூலைவரை பொறுப்போம். என் கராஜில் பெரியவர்களுக்கு இரண்டும் சின்னப் பிள்ளைக்கு ஒன்றுமாக மேலதிக லைஃப் ஜக்கெற்றுகள் தொங்குகின்றன. நீங்கள் விரும்பினால் என் தொலைபேசி எண்ணை ஆசிரியர் உங்களுக்குத் தருவார். ரைகர் நடுவில் படுப்பான், நீங்கள் முன்னால் இருங்கள்.

இப்படிக்கு,
மயிலிட்டியைச் சேர்ந்த வாசகர் ஒருவர்,
ஸ்காபரோ, ஒன்ராறியோ